பிரிண்டர் பொது, செட்டிங்ஸ் யாருடையது?

தர்மபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வெளியே பத்துப் பேர். முதலில் வந்தவர் பத்திரத்துக்காக லீகல் தாளுக்கு செட்டிங்கை மாற்றி பிரிண்ட் எடுத்துவிட்டுப் போயிருப்பார். பின்னால் வரும் மாணவியின் ஹால் டிக்கெட்டும் அதே லீகல் கணக்கில் கிளம்பும். தட்டில் இருப்பதோ ஏ4. கையெழுத்துப் போட வேண்டிய அடிப்பகுதி வெட்டுப்படும், அல்லது மிஷின் விளக்கை மினுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். கடைக்காரர் "பிரிண்டர் மக்கர் பண்ணுது" என்பார். பிரிண்டர் பாவம், அதனிடம் சொன்னதைத்தான் செய்தது.

பத்துப் பேரும் ஒரே லாகினில் வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஒருவர் மாற்றி வைத்த தாள் அளவு, அடர்த்தி, படுக்கை வாக்கு எல்லாம் அடுத்தவர் தலையில் விழுகிறது. இத்தனைக்கும் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனி அச்சு அமைப்பு வைத்துக்கொள்ளும் வசதி பல வருடங்களாக இருக்கிறது. அந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. அச்சு எந்திரம் கம்ப்யூட்டரோடு சேர்ந்ததிலிருந்து அது முழுதாகக் கிடைக்கச் சுமார் நாற்பது வருடம் ஆனது. நடுவில் இதே பிரிண்டரால் ஒரு பெரிய இயக்கமே பிறந்தது.

1959இல் ஐபிஎம் நிறுவனம் 1401 என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதோடு வந்தது 1403 என்ற லைன் பிரிண்டர். ஒரு வரியில் 132 எழுத்து, நிமிடத்துக்கு 600 வரி. இன்றைக்கும் பழைய ரிப்போர்ட்டுகளில் "132 காலம்" என்று ஒரு அகலம் அடிபடும்; அது பரவலானதில் இந்த மிஷினுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவிலும் 1960களில் எல்.ஐ.சி., ரயில்வே போன்ற இடங்களுக்கு 1401 வந்தது. எல்.ஐ.சி.யில் ஊழியர்கள் வேலை போய்விடும் என்று போராடியது தனிக் கதை.

அந்தக் காலத்தில் "என் செட்டிங்" என்று யாரும் சொல்ல முடியாது. பிரிண்டர் கண்ணாடி அறைக்குள் இருக்கும். எந்தத் தாளை மாட்டுவது, எத்தனை பிரதி, கார்பன் வைத்ததா வைக்காததா, எல்லாம் ஆபரேட்டர் கையில். அதைவிடப் பெரிய தலைவலி, கம்ப்யூட்டர் கணக்குப் போடும் வேகத்துக்கு பிரிண்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. விலை உயர்ந்த மிஷின், பிரிண்டர் அடித்து முடிக்கும் வரை சும்மா காத்திருந்தது. இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ஸ்பூலிங்.

ஸ்பூலிங் என்றால் என்ன என்பதை மாவு மில்லை வைத்துச் சொல்லிவிடலாம். கேழ்வரகு கொண்டுபோகிறவர் மிஷின் பக்கத்திலேயே நிற்பதில்லை. தூக்கை வரிசையில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவார். மில்காரர் வரிசைப்படி அரைப்பார். அது போல அச்சிட வேண்டியதை முதலில் டிஸ்கில் இறக்கி வரிசையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் அடுத்த கணக்குக்குப் போய்விடும். பிரிண்டர் தன் வேகத்தில் ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கும். 1960களில் நாசாவின் ஹூஸ்டன் மையத்துக்காக ஐபிஎம் ஆட்கள் எழுதிய ஹாஸ்ப் என்ற மென்பொருள் இதில் பெயர் பெற்றது.

ஆனால் மில்லில் இன்னொன்றும் உண்டு. "இது நைஸா அரைக்கணும், இது ரவை பதம்" என்று ஒவ்வொரு தூக்குக்கும் ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு மிஷினில் இல்லை, தூக்கோடு வருகிறது. கம்ப்யூட்டரில் தனிநபர் அச்சு அமைப்பின் ஆரம்பமும் இப்படித்தான். வேலையோடு சேர்ந்து வரும் ஒரு அட்டை.

தமிழ்நாட்டில் இதைப் பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. சென்னை ஐஐடிக்கு 1973இல் மேற்கு ஜெர்மனி உதவியுடன் ஐபிஎம் 370/155 வந்தது. புரோகிராமைத் துளை அட்டைகளில் அடித்து, கட்டாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். கட்டின் முதல் அட்டை ஜாப் கார்டு. அதில் ஆளின் பெயர், கணக்கு விவரம். அடுத்து வரும் அட்டைகளில் வெளியீடு எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று ஒரு எழுத்து. "ஏ" என்றால் வழக்கமாக பிரிண்டர், "பி" என்றால் அட்டை துளைக்கும் மிஷின். தேவை என்றால் எத்தனை பிரதி என்றும் எழுதலாம். ஒவ்வொருவர் வெளியீட்டுக்கும் முன்னால் பெயரைப் பெரிய எழுத்தில் போட்ட பிரிப்புத் தாள் வரும். ஆபரேட்டர் அதைப் பார்த்துக் கிழித்து அவரவர் அறையில் போடுவார். அந்த ஒரு தாள்தான் "இது என்னுடையது" என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த ஒரே இடம். செட்டிங்கை நினைவில் வைத்துக்கொள்வது மிஷின் வேலை இல்லை, ஆளின் வேலை. அட்டை தொலைந்தால் செட்டிங்கும் தொலைந்தது.

இதே சமயத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்தது. யுனிக்ஸுக்குப் புது மிஷின் வாங்கிக் கொடுக்க நிர்வாகம் ஒத்துக்கொண்டதற்குக் காரணமே அச்சு வேலைதான் என்பது பலருக்குத் தெரியாது. காப்புரிமைப் பிரிவுக்கு விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து அழகாக அடித்துத் தர ஒரு மென்பொருள் வேண்டும் என்று சொல்லி பிடிபி-11 வாங்கினார்கள். 1971இல் அந்தப் பிரிவுதான் யுனிக்ஸின் முதல் வாடிக்கையாளர்.

யுனிக்ஸ் பலர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அமைப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட், ஒரு வீட்டு அடைவு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி பதிப்பு 1983இல் வந்தபோது, அதன் அச்சு அமைப்பு பிரிண்ட்கேப் என்ற ஒரு கோப்பை நம்பி இருந்தது. எந்தெந்த பிரிண்டர் இருக்கிறது, எந்தக் கம்பியில் இருக்கிறது, எந்த வடிகட்டி வழியாக அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில். அதைத் திருத்தும் உரிமை நிர்வாகிக்கு மட்டும். சாதாரண யூசருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. தன் லாகின் கோப்பில் "பிரிண்டர்" என்ற மாறிக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால், அவர் அனுப்புவது எல்லாம் அந்த பிரிண்டருக்குப் போகும். மற்றவர்களுக்கு எதுவும் மாறாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு வரிதான், ஆனால் அட்டையிலிருந்து அது பெரிய தாவல். இப்போது கம்ப்யூட்டர் அந்த ஆளின் விருப்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

அந்த வரியால் எந்த பிரிண்டர் என்பதை மட்டுமே சொல்ல முடிந்தது. எந்தத் தாள், ஒரு பக்கமா இரு பக்கமா என்று ஞாபகம் வைக்க முடியவில்லை. அதற்கு நிர்வாகிகள் ஒரே பிரிண்டரை நாலு பெயரில் பிரிண்ட்கேப்பில் எழுதி வைத்துச் சமாளித்தார்கள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் இதில் உண்டு. பிஎஸ்டியில் "பேக்" என்று ஒரு கட்டளை. யார் எத்தனை பக்கம் அடித்தார் என்று கணக்குக் கோப்பிலிருந்து எடுத்து, விலையோடு பட்டியல் போடும். நிர்வாகி வேறு விலை சொல்லாவிட்டால் பக்கத்துக்கு 2 சென்ட். அதாவது செலவை ஆள்வாரியாகப் பிரித்து எழுதும் வசதி, ஆள்வாரியான செட்டிங் முழுதாக வருவதற்கு முன்பே வந்துவிட்டது! எந்த நிறுவனத்திலும் இதுதான் வரிசை போல.

இப்போது அந்த இயக்கம். எம்ஐடியின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர் இருந்தார். அங்கே பிரிண்டர் வேறு மாடியில். தாள் சிக்கினால் யாருக்கும் தெரியாது, அவரவர் வந்து பார்த்து ஏமாந்து போவார்கள். ஸ்டால்மன் பழைய பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தி, சிக்கினால் காத்திருப்போர் அனைவருக்கும் திரையில் செய்தி போகும்படி செய்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு புதிய லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. வேகம் அபாரம், ஆனால் அதுவும் சிக்கியது. மூல நிரல் தரவில்லை, அதனால் திருத்த முடியவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று தெரிந்து நேரில் போய்க் கேட்டார். தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்ததற்குப் பல காரணங்கள் உண்டு, அதில் இந்த பிரிண்டரை அவரே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஒரு பொது பிரிண்டரைத் தன் தேவைக்குத் தக்கபடி நடக்க வைக்கும் உரிமை யாருக்கு என்ற சண்டைதான் அது.

இந்தியாவில் ஒரு சாதாரண ஊழியர் முதன்முதலாகப் பலர் பங்கிடும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த இடங்களில் முக்கியமானது வங்கி. 1983இல் வங்கி நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் எந்திரமயம் பற்றி ஒப்பந்தம் ஏற்பட்டது. பின்னாளில் ரிசர்வ் வங்கி கவர்னரான சி. ரங்கராஜன் தலைமையிலான கமிட்டி 1984இல் ஒரு அறிக்கையும் 1989இல் இன்னொரு அறிக்கையும் கொடுத்தது. முதலில் லெட்ஜர் போஸ்டிங் மிஷின்கள் வந்தன. 1990களில் கிளை முழுவதையும் கம்ப்யூட்டரில் கொண்டுவரும் வேலை நடந்தது. பின்னறையில் யுனிக்ஸோ நாவெல் நெட்வேரோ ஓடும் ஒரு சர்வர், கவுண்டருக்குக் கவுண்டர் ஒரு டெர்மினல், மூலையில் சத்தம் போடும் டாட் மேட்ரிக்ஸ்.

அங்கேதான் செட்டிங் சண்டை நம் ஊருக்கு வந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிடம் பேசுவது குறியீட்டு எண்களால். எப்சன் வகை பிரிண்டருக்கு 15 என்ற எண்ணை அனுப்பினால் எழுத்து நெருக்கமாகும், 18 அனுப்பினால் பழையபடி ஆகும். சாதாரண எழுத்தில் 8 அங்குல அகலத்துக்கு 80 எழுத்துதான் பிடிக்கும். நெருக்கினால் 132 காலம் ரிப்போர்ட்டே அந்தச் சின்ன தாளில் அடங்கிவிடும். காசு மிச்சம் என்று நாள் முடிவு ரிப்போர்ட்டுகளை நெருக்கி அடிக்கும் புரோகிராம்கள் நிறைய. புரோகிராம் எழுதியவர் 15ஐ அனுப்பிவிட்டு 18ஐ மறந்துவிட்டால்? பிரிண்டர் மறக்காது. அடுத்து யார் எதை அனுப்பினாலும் எறும்பு எழுத்தில் வரும். செட்டிங் ஆளோடும் இல்லை, வேலையோடும் இல்லை, இரும்புக்குள் போய் ஒட்டிக்கொண்டது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அலுவலகங்களில் ஒரு நம்பிக்கை உண்டே, அது மூடநம்பிக்கை இல்லை. அணைத்தால் அது ஆரம்ப நிலைக்குப் போகும். விவரமான நிர்வாகிகள் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ரீசெட் குறியீட்டை அனுப்பும்படி ஸ்கிரிப்ட் எழுதி வைத்தார்கள்.

இன்னொரு வழியும் இருந்தது. சில டெர்மினல்களின் பின்னால் ஒரு கூடுதல் வாய் இருக்கும், அதில் நேராக ஒரு பிரிண்டரை மாட்டலாம். சர்வர் ஒரு குறியீட்டை அனுப்பினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் திரைக்குப் பதில் அந்த பிரிண்டருக்குப் போகும். பாஸ்புக் அடிக்கிற கவுண்டருக்கு இது ரொம்ப வசதி. வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது பாஸ்புக்கை மூலையில் இருக்கும் பொது பிரிண்டருக்கு எடுத்துக்கொண்டு ஓட முடியுமா? தனி ஆளுக்குத் தனி செட்டிங் கொடுக்க மென்பொருளால் முடியாதபோது தனி பிரிண்டரையே கொடுத்துவிட்டார்கள். செலவான தீர்வு. தர்மபுரியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அதியமான் கிராம வங்கி போன்ற சின்ன வங்கிகளுக்கு இந்த மாதிரிச் செலவு எளிதல்ல. (அந்த வங்கி 2006இல் பல்லவன் கிராம வங்கியில் கலந்தது, அதுவும் 2019இல் தமிழ்நாடு கிராம வங்கி ஆனது.)

அடுத்தது தாள் அளவு. 1984இல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்தது, 1985இல் ஆப்பிள் லேசர்ரைட்டர். இந்த வகை பிரிண்டர் ஒவ்வொன்றுக்கும் பிபிடி என்று ஒரு விவரக் கோப்பு உண்டு. எத்தனை தட்டு, என்னென்ன தாள், இரு பக்கம் அடிக்குமா என்பதெல்லாம் அதில். எதுவும் சொல்லாவிட்டால் எந்தத் தாள் என்பதும் அதில்தான். பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டதால் அங்கே "லெட்டர்" என்று இருக்கும். லெட்டர் தாள் 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். ஏ4 தாள் 210 அகலம், 297 உயரம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மிஷினுக்கு அப்படி இல்லை. லெட்டர் கேட்டு ஏ4 இருந்தால் சில எச்பி பிரிண்டர்கள் "பிசி லோட் லெட்டர்" என்று காட்டிவிட்டு நின்றுவிடும். 1999இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் இந்தச் செய்தியைப் பார்த்துக் கடுப்பாகும் காட்சியே உண்டு. இந்தியாவில் கூடுதலாக லீகல், ஃபுல்ஸ்கேப் என்று அரசு அலுவலகத் தாள்கள் வேறு. உச்ச நீதிமன்றம் இரு பக்கமும் அச்சிட்ட ஏ4 தாளுக்கு மாறியதே 2020இல்தான். ஒரே பிரிண்டரில் ஒரு பிரிவு லீகலும் இன்னொரு பிரிவு ஏ4ம் அடிக்கும் அலுவலகத்தில், எது டீஃபால்ட் என்று முடிவு செய்கிறவருக்கு இருக்கும் அதிகாரம் சின்னதல்ல. டீஃபால்ட் யாருக்குச் சாதகமோ அவருக்குத் தாள் வீணாகாது.

விண்டோஸ் பக்கம் சுருக்கமாக. விண்டோஸ் 95, 98 காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள் கணக்கு. 1993இல் வந்த என்டி வரிசையில் ஒவ்வொரு யூசருக்கும் தனிப் பதிவேடு இருந்தது. 2001இல் எக்ஸ்பி வந்தபோது அது வீடுகளுக்கும் பரவியது. அதில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு இடங்கள் உண்டு. பிரிண்டிங் பிரிஃபரன்சஸ் என்பது அந்த லாகினுக்கு மட்டும். பிரிண்டிங் டீஃபால்ட்ஸ் என்பது உள்ளே, அட்வான்ஸ்டு பக்கத்தில் ஒளிந்திருக்கும்; அதுதான் எல்லோருக்கும் ஆரம்பமாகக் கிடைப்பது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மாற்றியவர்களால் எத்தனை ரீம் தாள் போயிருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. தனி லாகின் வைக்க முடியாத கடைகளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அதே பிரிண்டரை இரண்டு மூன்று முறை வேறு வேறு பெயரில் சேர்த்து, ஒன்றை ஏ4க்கும் ஒன்றை லீகலுக்கும் அமைத்துவிடலாம். பழைய பிரிண்ட்கேப் நிர்வாகிகள் செய்த அதே வேலை. 2015இல் விண்டோஸ் 10இன் ஒரு பதிப்பு, கடைசியாக எந்த பிரிண்டரில் அடித்தீர்களோ அதுவே இனி டீஃபால்ட் என்று தானே முடிவு செய்யத் தொடங்கியது. நாற்பது வருடம் போராடி வாங்கியதை "உங்கள் வசதிக்காக" என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி. நல்லவேளை, அணைத்து வைக்க முடியும்.

மறுபடி யுனிக்ஸ். 1990களின் கடைசி வரை அங்கே இரண்டு கோஷ்டி. பெர்க்லி வழி ஒன்று, ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ் வழி இன்னொன்று. கட்டளைகளும் வேறு, மாறியின் பெயரும் வேறு. 1997இல் மைக்கேல் ஸ்வீட் என்பவர் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று எழுத ஆரம்பித்து 1999இல் வெளியிட்டதுதான் கப்ஸ். அதே 1999இல் வெளிவந்த ஐபிபி என்ற இணைய அச்சு நெறிமுறையை அடிப்படையாக வைத்துக் கட்டினார். லினக்ஸ் வெளியீடுகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. ஆப்பிள் 2002இல் மேக் ஓஎஸ் 10.2இல் சேர்த்துக்கொண்டது. 2007இல் ஸ்வீட்டையும் வேலைக்கு எடுத்து மூல நிரலையும் வாங்கியது.

கப்ஸில்தான் தனிநபர் அமைப்புக்கு ஒரு சொந்த வீடு கிடைத்தது. எல்பிஆப்ஷன்ஸ் என்ற சின்னக் கோப்பு, யூசரின் வீட்டு அடைவிலேயே இருக்கும். அதே பெயரில் ஒரு கட்டளையும் உண்டு. அதை ஓட்டினால் எந்த பிரிண்டர், எந்தத் தாள், இரு பக்கமா, எத்தனை பிரதி என்பதெல்லாம் அந்தக் கோப்பில் எழுதப்படும். பிபிடி சொல்வதை இது மீறும். ஒரு வேலைக்கு மட்டும் கட்டளையில் வேறு சொன்னால் அது இதையும் மீறும். கல்லூரி லேப் மாதிரி வீட்டு அடைவு சர்வரில் இருக்கும் இடத்தில், எந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் செட்டிங் கூடவே வரும். ஜாப் கார்டை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பது போல.

இன்னும் அழகான ஒன்று, இன்ஸ்டன்ஸ் என்பது. ஒரே பிரிண்டரின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு இன்னொரு பெயர் சேர்க்கலாம். "லேசர்/வரைவு" என்று ஒன்று, மங்கலாக, இரு பக்கமாக. "லேசர்/பிராஜெக்ட்" என்று ஒன்று, அடர்த்தியாக, ஒரு பக்கமாக. பக்கத்துச் சீட்டுக்காரருக்கு இவை இருப்பதே தெரியாது. நிர்வாகி செய்து வந்த குறுக்கு வழி இப்போது சாதாரண யூசரின் உரிமை.

இதில் ஒரு கண்ணி உண்டு. அதே கட்டளையை ரூட் ஆக, அதாவது நிர்வாகியாக இருந்து ஓட்டினால் அது வீட்டு அடைவில் எழுதாது, பொதுக் கோப்பில் எழுதும். தனக்கு லீகல் வேண்டும் என்று நிர்வாகி சொன்னது மொத்த அலுவலகத்துக்கும் லீகல் ஆகிவிடும். இன்னொரு வேடிக்கை, பழைய "பிரிண்டர்" மாறியை கப்ஸ் இன்னும் மதிக்கிறது, ஆனால் அதில் "எல்பி" என்று இருந்தால் மட்டும் கண்டுகொள்ளாது. காரணம், சில அமைப்புகள் யாரும் கேட்காமலே அந்த மாறியில் "எல்பி" என்று எழுதி வைத்துவிடும். அது யூசரின் விருப்பம் இல்லை என்று கப்ஸுக்குத் தெரியும். ஆள் சொன்னது எது, மிஷின் தானாகச் சொன்னது எது என்று பிரித்துப் பார்க்கிற இந்தச் சின்ன வரியில் இருக்கும் மரியாதை பல பெரிய மென்பொருட்களில் கிடையாது.

கணக்கும் தொடர்ந்தது. யார், எந்த வேலை, எத்தனை பக்கம் என்று பக்கப் பதிவேடு உண்டு. ஒருவருக்கு இத்தனை நாளில் இத்தனை பக்கம்தான் என்று வரம்பும் போடலாம்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகம் ஒன்றில் கப்ஸ் பெரிய அளவில் நுழைந்தது 2007 வாக்கில். எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முதலில் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பிறகு அரசுப் பள்ளிகளுக்கு வாங்கியவையும் லினக்ஸில் போயின. லினக்ஸ் வந்ததும் முதல் புகார் எங்கே வந்திருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் இந்தியக் கடைகளில் சக்கைப்போடு போட்ட கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 இரண்டும் சொந்த மூளை அதிகம் இல்லாத பிரிண்டர்கள். பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்து, நிறுவனத்தின் தனி மொழியில் அனுப்ப வேண்டும். 1020க்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் உள் மென்பொருளையே ஏற்றிவிட வேண்டும். ரிக் ரிச்சர்ட்சன் என்பவர் அதன் மொழியை ஆராய்ந்து ஒரு டிரைவர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்காவிட்டால் லினக்ஸ் மேசைகளில் அது வெறும் பெட்டி. ஸ்டால்மன் கேட்டு மறுக்கப்பட்ட அதே விஷயம், கால் நூற்றாண்டு கழித்து சில ஆயிரம் ரூபாய் பிரிண்டரில்!

இவ்வளவுக்கும் மேலே தமிழுக்கென்று ஒரு சுமை. சாதாரண டாட் மேட்ரிக்ஸுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒன்று சிடாக்கின் ஜிஸ்ட் மாதிரி தனி ஏற்பாடு வேண்டும், இல்லையென்றால் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும், அது ஆமை வேகம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியீடுகள் வந்தன. ஆனாலும் ஆளுக்கொரு எழுத்துரு ஓயவில்லை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து பிரிண்ட் கொடுத்தால் ஆங்கிலக் குப்பையாக வரும். யூனிகோடையும் டேஸ்16ஐயும் அரசு 2010இல்தான் தரமாக அறிவித்தது. கப்ஸும் இதில் உத்தமன் இல்லை. அதன் பழைய உரை வடிகட்டி கூரியர் எழுத்தை மனதில் வைத்துச் செய்தது. கொம்பை முன்னால் தள்ளி, காலைப் பின்னால் வைத்து அடுக்குவது அதற்குத் தெரியாது. எல்லா செட்டிங்கும் சரியாக வைத்தாலும், தமிழ் உரைக்கோப்பை நேரடியாக அனுப்பினால் உருப்படியாக வராது. எழுத்துருவை உள்ளே பொதித்த பிடிஎஃப் பரவலான பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

பிடிஎஃப் வந்ததில் இன்னொன்று நடந்தது, அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. தர்மபுரியிலிருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரி, தமிழ்நாட்டில் மின்மாவட்டத் திட்டம் முதலில் தொடங்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் டிஜிட்டல் கையொப்பத்தோடு வரத் தொடங்கின, பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. முன்பு தாலுகா அலுவலக பிரிண்டரில், அலுவலகத்தின் தாளில், அலுவலகத்தின் செட்டிங்கில் அச்சாகி வந்த சான்றிதழை இப்போது விண்ணப்பதாரரே எங்கிருந்தாவது அடித்துக்கொள்கிறார். தாள் செலவு அவருடையது. "ஃபிட் டு பேஜ்" கொடுத்து க்யூஆர் கட்டம் சுருங்கிப்போனால் அந்தக் கவலையும் அவருடையது. கண்ணாடி அறைக்குள் ஆபரேட்டர் கையில் இருந்த பொறுப்பு, பஸ் ஸ்டாண்டுக் கடை வரிசையில் நிற்பவர் கைக்கு வந்திருக்கிறது, அவருக்கென்று ஒரு லாகின் மட்டும் இன்னும் வரவில்லை.

மைக்கேல் ஸ்வீட் 2019 டிசம்பரில் ஆப்பிளிலிருந்து விலகினார். அடுத்த வருடமே ஓபன்பிரிண்டிங் குழுவோடு சேர்ந்து கப்ஸ் வளர்ச்சியைத் தொடர்ந்தார். இனி வரும் பதிப்புகளில் பிபிடி கோப்புகளைக் கைவிடுவது அவர்கள் அறிவித்த திட்டம். பிரிண்டரே தன்னால் என்னென்ன முடியும் என்று ஐபிபி வழியாகச் சொல்லிவிடும், தனி டிரைவர் தேவைப்படாது. லெட்டரா ஏ4ஆ என்று அமெரிக்காவில் எழுதிய கோப்பு முடிவு செய்யும் காலம் அதோடு போகும். யூசரின் வீட்டு அடைவில் இருக்கும் அந்த எல்பிஆப்ஷன்ஸ் கோப்பு, சில வரிகளே உள்ள சாதாரண உரைக்கோப்பு, இப்போதும் இருக்கிறது.